மாத்திரையா, கருவியா, கர்ப்பப்பை அகற்றமா? நிற்காத உதிரப்போக்குக்கு உள்ள வழிகள்

மாதவிடாய் 24 முதல் 38 நாள்களுக்கு ஒருமுறை வருவதும், உதிரப்போக்கு எட்டு நாள்களுக்குள் நின்றுவிடுவதும் இயல்பு. இந்த எல்லையைத் தாண்டி மாதக்கணக்கில் அவதிப்படும் பெண்ணிடம், ‘நிற்கப்போகிற வயது, அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லி நாளைக் கடத்துகிறார்கள். பொறுக்க முடியாமல் போனதும் ‘பிள்ளை பெற்றாயிற்று, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்’ என்கிறார்கள். இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள வழிகள் பலருக்குச் சொல்லப்படுவதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

வழியைத் தேர்வதற்கு முன் காரணம் தெரிய வேண்டும். கர்ப்பப்பையில் வளரும் நார்த்திசுக்கட்டி, தைராய்டு கோளாறு, சினைப்பை நீர்க்கட்டி, இரத்தம் உறையாமை என எதுவும் காரணமாக இருக்கலாம். ஆகவே கர்ப்பப் பரிசோதனை, ஹீமோகுளோபின் அளவு, ஸ்கேன் ஆகியவை முதலில் வேண்டும். 45 வயதைக் கடந்தவர்களுக்குக் கர்ப்பப்பையின் உட்சுவரிலிருந்து திசு எடுத்தும் பார்ப்பார்கள்.

டிரானெக்ஸாமிக் அமில மாத்திரையில் ஹார்மோன் இல்லை. உதிரம் போகும் நாள்களில் மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். போக்கை ஏறத்தாழ பாதியளவு குறைக்கும். குழந்தைக்காகக் காத்திருப்பவர்களுக்கு இது ஏற்றது. ஆனால் தாறுமாறான சுழற்சியை இது சீராக்காது. இரத்தக்குழாயில் உறைகட்டி வந்தவர்களுக்கு ஆகாது.

கோயில் விசேஷத்துக்காக மாதவிடாயைத் தள்ளிப்போட வாங்கும் நோரெத்திஸ்டெரோன் என்னும் ஹார்மோன் மாத்திரையே, மருத்துவர் கையில் உதிரப்போக்கை விரைந்து நிறுத்தும் மருந்தாகிறது. மாத்திரையை நிறுத்திய சில நாள்களில் மீண்டும் உதிரம் வருவது அதன் இயல்பு; மருந்து பலிக்கவில்லை என்று எண்ண வேண்டாம். மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி மாதாமாதம் விழுங்குவதுதான் ஆபத்து, ஏனென்றால் அடியில் இருக்கும் நோய் அதனால் மறைந்துபோகும்.

நீண்டகாலத் தீர்வு தேடுபவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது லெவோநார்ஜெஸ்ட்ரல் என்னும் ஹார்மோனைச் சுரக்கும், கர்ப்பப்பைக்குள் பொருத்தும் கருவியைத்தான். பார்ப்பதற்குக் காப்பர்-டி போலவே இருப்பதால் பலர் அஞ்சுகிறார்கள். காப்பர்-டி உதிரப்போக்கைக் கூட்டக்கூடும். இதுவோ உட்சுவரை மெலியச் செய்து வெகுவாகக் குறைக்கிறது. பிரிட்டனில் 571 பெண்களிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், மாத்திரைகளைவிட இக்கருவி அன்றாட வாழ்வின் சிரமங்களை அதிகம் குறைத்தது தெரியவந்தது. ஆனால் முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள் சொட்டுச்சொட்டாக உதிரம் கசியும். இதை முன்பே சொல்லாததால்தான் பலர் பயந்து கருவியை எடுத்துவிடுகிறார்கள். விலை சில ஆயிரம் ரூபாய் ஆகும் என்பதும், கட்டி கர்ப்பப்பையின் உட்குழியை உருக்குலைத்திருந்தால் கருவி நிற்காமல் வெளியேறலாம் என்பதும் இதன் குறைகள்.

கர்ப்பப்பையை அகற்றினால் உதிரப்போக்கு முற்றாக நிற்கும் என்பது உண்மை. புற்றுநோய்க்கும், வேறு எதற்கும் அடங்காத பெரிய கட்டிகளுக்கும் அதுவே சரியான வழியாக இருக்கலாம். ஆனால் அது பெரிய அறுவை சிகிச்சை. சூலகங்களும் (சினைப்பைகளும்) சேர்த்து எடுக்கப்பட்டால் முப்பதுகளிலேயே ஹார்மோன் சுரப்பு நின்று, எலும்பும் இதயமும் பாதிக்கப்படக்கூடும். இந்தியாவில் தேவையற்ற கர்ப்பப்பை அகற்றங்களைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட நேர்ந்தது. ‘வேறு என்ன வழி முயன்று பார்க்கப்பட்டது, சூலகங்களை விட்டுவைப்பீர்களா’ என்று கேட்காமல் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம்.

சில நிலைகளில் இந்த ஒப்பீட்டுக்கே நேரமில்லை. மணிக்கு ஒரு நாப்கின் நனைந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே தொடர்ந்தாலும், தலைசுற்றலோ மூச்சுத்திணறலோ வந்தாலும், கருவுற்றிருக்க வாய்ப்புள்ளபோது உதிரம் போனாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மாதவிடாய் நின்று ஓராண்டு கழித்து ஒரு சொட்டு பட்டாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.