88, 102, 115: டெல்லியிலிருந்து குல்மார்க் போகிறவருக்கு எந்த ஸ்கீ, எந்த பைண்டிங்?

துவாரகாவில் இருக்கும் என் சித்தி மகன் போன வாரம் போன் செய்தான். "அக்கா, 115 ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். டொரான்டோ மாமா ஜனவரியில வரும்போது எடுத்துட்டு வந்துடுவார். வாங்கிடவா?" மூன்று சீசன் வாடகை ஸ்கீயில், அதாவது பனிச்சறுக்குப் பலகையில், சறுக்கிவிட்டு இப்போதுதான் சொந்தமாக வாங்கப் போகிறான். அவசரப்படாதே, ஞாயிற்றுக்கிழமை மயூர் விஹாருக்கு வா என்றேன். என் பால்கனிச் சுவரில் மூன்று ஜோடி சாய்ந்து நிற்கின்றன. நான் முதலில் வாங்கிய 88, இப்போது பயன்படுத்தும் 102, வெளிநாட்டுக்குக் குடிபோன தோழி விட்டுச் சென்ற 115. மூன்றையும் காஷ்மீரின் குல்மார்க்கில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அன்று அவனிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

இந்த எண்கள் ஸ்கீயின் இடுப்பு அகலம். அதாவது பூட்ஸுக்கு நேர் கீழே ஸ்கீ எத்தனை மி.மீ. அகலம் என்பது. நார்டிகா என்ஃபோர்சர் 88, என்ஃபோர்சர் 100, சாலமன் கியூஎஸ்டி 106, அட்டாமிக் பென்ட் செட்லர் 120 என்று பெயரிலேயே இந்த எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். ஃபோல்க்ல் மந்த்ரா போல எண் இல்லாமல் வருவதும் உண்டு. அதன் அண்மைக்கால மாடல்களின் இடுப்பு 96. அகலம் கூடக்கூட மிருதுவான பனியில் ஸ்கீ மிதக்கும். குறையக் குறைய இறுகிய பனியில் விளிம்பு சீக்கிரம் பிடிக்கும். சரி, இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நம் கைக்கு எந்தப் பனி, எத்தனை நாள் கிடைக்கிறது என்பதை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

டெல்லியில் வேலை பார்க்கிற நமக்கு ஆண்டுக்கு ஒரு வாரம் லீவு கிடைத்தால் பெரிது. டிக்கெட்டை நவம்பரிலேயே எடுத்துவிடுகிறோம். பனி எப்போது விழும் என்பதை மேற்கத்திய இடையூறுகள், அதாவது மேற்கிலிருந்து மழையும் பனியும் கொண்டுவரும் காற்றமைப்புகள், தீர்மானிக்கின்றன. 2024 ஜனவரியில் குல்மார்க் பனியே இல்லாமல் பழுப்பாகக் கிடந்தது. அங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பிப்ரவரி கடைசிக்குத் தள்ளி வைத்தார்கள். 2025-லும் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. அங்கேயே வசிப்பவர்கள் பனி விழுந்த காலையில் 115-ஐத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம். நாம் போகிற வாரத்தில் என்ன இருக்கிறதோ அதில்தான் சறுக்க வேண்டும்.

போன பிப்ரவரியில் எனக்குக் கிடைத்த ஆறு நாளைச் சொல்கிறேன். முதல் இரண்டு நாள் பழைய பனி, காலையில் கல் மாதிரி இறுகியிருந்தது. மூன்றாம் நாள் பனிப்பொழிவு. கொண்டோலா என்ற கம்பிவட வண்டியின் இரண்டாம் கட்டம், கோங்டோரியிலிருந்து அபர்வாட் மேலே ஏறுவது, மூடியிருந்தது. முதல் கட்டம் மட்டும் ஓடியது. நான்காம் நாள் மேலே காற்று, அன்றும் மூடல். ஐந்தாம் நாள் திறந்தார்கள். அந்த ஒரு காலை வாழ்நாளுக்கும் மறக்காது. மத்தியானத்துக்குள் மொத்தச் சரிவும் கிண்டிப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. ஆறாம் நாள் மேற்பரப்பு ஓடு கட்டியிருந்தது. ஆக, ஆறு நாளில் 115-க்கே உரிய நேரம் ஒரு காலை, கூடவே மூன்றாம் நாள் காட்டுக்குள் சில மணி நேரம்.

அந்தக் காலையைப் பற்றிச் சொல்லாமல் 115-ஐக் குறை சொன்னால் அது நியாயமில்லை. அபர்வாட்டில் கொண்டோலா கொண்டுவிடும் இடம் கிட்டத்தட்ட 3,950 மீட்டர். அந்த உயரத்தில் ஜனவரி, பிப்ரவரியில் விழும் பனி கோலமாவு போலக் காய்ந்திருக்கும். முட்டியளவு பனியில் 115 அடியிலேயே நிற்காமல் மேலெழும்பி ஓடும். திரும்ப வேண்டும் என்று நினைத்தாலே திரும்பும். இதே பனியில் 88 மூழ்கிவிடும். பின்பக்கம் சாய்ந்து நின்று தொடை எரிய எரிய ஓட்ட வேண்டியிருக்கும், இரண்டு ஓட்டத்தில் கால் செத்துவிடும். 102 மூழ்காது, ஆனால் வேகம் குறைந்தால் கொஞ்சம் இறங்கும். கொஞ்சம் வேகமாகப் போனால் அதே மிதப்பு வந்துவிடுகிறது. இந்த ஒரு பனியில் தரவரிசை 115, 102, 88. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

மற்ற பனிகளில் கதை மாறுகிறது. காலை இறுகலில் 88 அருமை. விளிம்பு உடனே பிடிக்கும், முழங்கால் நிம்மதியாக இருக்கும். 115-இல் விளிம்பு நம் பாதத்தைத் தாண்டி வெளியே இருக்கிறது. ஸ்கீயைச் சாய்த்து நிறுத்த ஒவ்வொரு திருப்பத்திலும் கணுக்காலும் முழங்காலும் கூடுதலாக முறுக்கம் தாங்க வேண்டும். ஸ்பானரின் கைப்பிடி நீண்டால் முறுக்கம் கூடுவது போலத்தான் இதுவும், என்ன, இங்கே முறுக்கப்படுவது நம் முழங்கால். நாற்பதை நெருங்கும் எனக்கு முதல் இரண்டு நாள் 115-இல் ஓட்டியிருந்தால் ஐந்தாம் நாளுக்குக் கால் மிஞ்சியிருக்காது. 102 நடுவில். 88 அளவுக்குச் சுருக்கென்று பிடிக்காது, ஆனால் நம்பி நிற்கலாம்.

கிண்டிவிட்ட பனியில் அகலத்தைவிட எடை முக்கியம். மேடும் பள்ளமுமான பனிக்கட்டிகளைக் கனமான ஸ்கீ, உள்ளே டைட்டனால் என்ற அலுமினியக் கலவைத் தகடு வைத்தது, வெட்டிக்கொண்டு போகும். லேசான 115 துள்ளித் துள்ளி என்னை அலைக்கழித்தது. தகடு வைத்த என் 102 அமைதியாகப் போனது. ஓடு கட்டிய பனி வேறு ரகம். அப்பளம் மாதிரி உடைந்து உள்ளே இழுத்துவிடும். அதில் 115 மேலேயே மிதந்து தப்பிக்கும், 88 மாட்டிக்கொள்ளும். டிராங், பாபா ரேஷி பக்கம் காட்டு வழியாக இறங்கினால் கீழே வர வர பனி ஈரமாகிக் கனக்கும். அங்கேயும் முன்பக்கம் மேல் வளைந்த அகல ஸ்கீக்குச் சாதகம்தான்.

அந்த வளைவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அகலத்துக்கு இணையாக ராக்கர், கேம்பர் இரண்டையும் பார்க்க வேண்டும். ஸ்கீயைத் தரையில் வைத்தால் நடுப்பகுதி வில் போல மேலே தூக்கியிருப்பது கேம்பர். முனை சீக்கிரமே மேல் நோக்கி வளைவது ராக்கர். 2000-களின் தொடக்கத்தில் ஷேன் மெக்காங்கி என்ற சறுக்கு வீரர், தண்ணீர்ச் சறுக்குப் பலகை ஏன் மிதக்கிறது என்று யோசித்து, கேம்பரே இல்லாமல் முழுவதும் தலைகீழாக வளைந்த வோலன்ட் ஸ்பாட்டுலாவை உருவாக்கக் காரணமாக இருந்தார். இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான அகல ஸ்கீகளின் முனை வளைவு அந்த யோசனையின் வழிவந்தது. பலவகைப் பனிக்கு வாங்குகிறவர் முனையில் நல்ல ராக்கர், காலடியில் கேம்பர், வாலில் கொஞ்சமே ராக்கர் என்று தேட வேண்டும். 102 இவ்வளவு தூரம் ஈடுகொடுப்பதற்கு இதுதான் காரணம். முழு ராக்கர் வைத்த 102-ஐ இறுகிய பனியில் ஓட்டினால் நான் மேலே சொன்ன நல்ல வார்த்தை எதுவும் பொருந்தாது.

ஸ்கீயைப் பொறுத்தவரை என் முடிவு 100 முதல் 106-க்குள். வாரம் முழுக்கப் பொடிப்பனி என்று உறுதியாகத் தெரிந்தால் 115-ஐ அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். காசு போட்டு வாங்கி வருஷத்தில் 51 வாரம் சுவரில் சாய்த்து வைக்க வேண்டாம்.

பூட்ஸை ஸ்கீயோடு பூட்டிவைக்கும் பைண்டிங்குக்கு வருவோம். தம்பி இதைப் பற்றி யோசிக்கவே இல்லை. "அது ஸ்கீயோடயே வரும்ல?" என்றான். வாடகை ஸ்கீயில் வரும். இந்த வகை அகல ஸ்கீகளைப் பெரும்பாலும் வெறும் பலகையாகத்தான் விற்கிறார்கள்.

நான்கு குடும்பங்கள் இருக்கின்றன. முதலாவது சாதாரண ஆல்பைன்: மார்க்கர் கிரிஃபன், லுக் பிவட், டைரோலியா அட்டாக் போன்றவை. குதிகால் எப்போதும் பூட்டியே இருக்கும், இறங்க மட்டும்தான். விழும்போது காலை விடுவிப்பதில் இவைதான் நம்பகமானவை. இரண்டாவது ஃபிரேம் வகை, ஏறும்போது குதிகால் பக்கம் தூக்கும் ஒரு சட்டத்தில் பூட்ஸைப் பூட்டுவது. மார்க்கர் டியூக் வந்த புதிதில் எல்லோரும் இதைக் கொண்டாடினார்கள். இப்போது இதை வாங்கக் காரணமே இல்லை. கனம், ஏறும்போது ஒவ்வொரு அடிக்கும் அந்தச் சட்டத்தையும் சேர்த்துத் தூக்க வேண்டும். மூன்றாவது ஊசி (pin) வகை. 1980-களில் ஆஸ்திரியாவின் ஃப்ரிட்ஸ் பார்தல் கண்டுபிடித்து டைனாஃபிட் கொண்டுவந்தது. பூட்ஸின் முன்பக்கக் குழிகளில் இரண்டு ஊசிகள் பிடித்துக்கொள்ளும். மிக லேசு, மலையேறிச் சறுக்குகிறவர்களுக்குத் தெய்வம். நான்காவது கலப்பு வகை. 2018-இல் வந்த சாலமன் ஷிஃப்ட் ஏறும்போது ஊசியில் நடக்கும், இறங்கும்போது ஆல்பைன் போல் பூட்டும். ஏறும்போது முன்பாகத்தைக் கழற்றி வைக்கும் மார்க்கர் டியூக் பி.டி. (PT) மாடலும் இந்தக் குடும்பம்தான்.

குல்மார்க்குக்கு எது? கொண்டோலாவே மேலே கொண்டுவிடுகிறது. உச்சியிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்தோ, ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்சம் நடந்தோ போனால் நல்ல சரிவுகள் கிடைக்கும். இதற்கு ஊசி வகை தேவையில்லை. காலை இறுகலில் வேகமாகப் போகும்போது பழைய பாணி ஊசிப் பிடிப்பில் ஒவ்வொரு அதிர்வும் அப்படியே காலுக்கு வரும். விழுந்தால் விடுவிக்கும் விதமும் ஆல்பைன் அளவுக்குச் சீராக இல்லை. ஆகவே உண்மையான போட்டி ஆல்பைனுக்கும் கலப்புக்கும்தான்.

இரண்டாம் கட்டம் மூடிய நாளில் ஸ்கீக்கு அடியில், பின்னால் வழுக்காமல் தடுக்கும் தோல் (ஸ்கின்) என்ற பட்டையை ஒட்டிக்கொண்டு கோங்டோரிக்கு மேலே கொஞ்ச தூரமாவது ஏற வேண்டும் என்பவருக்குக் கலப்பு. ஆனால் மூடிய நாளில் ஏன் மூடியிருக்கிறார்கள் என்பதை யோசிக்க வேண்டும். 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வாட் பகுதியில் பனிச்சரிவில் போலந்துக்காரர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 22 அன்று கிலன்மார்க் பக்கம் ரஷ்யர் ஒருவர். நல்ல பைண்டிங் இருக்கிறது என்ற தைரியத்தில் அந்தச் சரிவுகளில் ஏறக் கூடாது. தம்பியிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: "கலப்புக்கும் சாதாரணத்துக்கும் விலை வித்தியாசம் இருக்கே, அந்தக் காசில பனியில புதைஞ்சவங்களைத் தேடுற பீக்கன், மண்வெட்டி, துழாவுகோல் மூணும் வாங்கு. உபயோகிக்கவும் கத்துக்கோ. அதுக்கப்புறம் ரெண்டு சீசன் கழிச்சு ஷிஃப்ட் பார்க்கலாம்." ஆல்பைன்தான் அவனுக்கு. எனக்கும் அதுதான்.

பிரேக் அகலத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்கீ கழன்றால் அது ஓடிவிடாமல் இரண்டு பக்கமும் இறங்கிப் பிடிக்கும் கம்பிகள் அவை. 90, 100, 110, 120 என்ற அளவுகளில் கிடைக்கும். 102 ஸ்கீக்கு 110 சரியாக இருக்கும். 100 வாங்கினால் கம்பி விளிம்பில் உரசும். 120 வாங்கினால் வெளியே நீண்டு பனியில் இழுபடும். பூட்ஸின் அடிப்பகுதியும் பொருந்த வேண்டும். ஆல்பைன் சோல், கிரிப்வாக் சோல், மலையேறும் பூட்ஸின் ரப்பர் சோல் மூன்றும் வேறு வேறு. எல்லா பைண்டிங்கும் எல்லாவற்றையும் ஏற்காது. ஏற்காத பூட்ஸை மாட்டினால் மாட்டிக்கொள்ளும், விழும்போது கழலாது.

இன்னொன்று நம் வீடுகளுக்கே உரியது. ஒரே ஸ்கீயை அண்ணன் தம்பி, புருஷன் பெண்டாட்டி பங்கிட்டுக்கொள்வது. அப்படியானால் லுக் பிவட் வேண்டாம். ஓட்டுவதற்கு அற்புதமானது, ஆனால் பூட்ஸ் நீளத்துக்கு ஏற்ப நகர்த்தும் இடம் குறைவு. தண்டவாளத்தில் நகரும் டெமோ வகை வாங்கினால் என் பூட்ஸும் அவன் பூட்ஸும் ஒரே ஸ்கீயில் பொருந்தும். கொஞ்சம் கனம் கூடும், அவ்வளவுதான். ஆள் மாறும்போது விடுவிப்பு எண்ணையும், அதாவது எவ்வளவு விசையில் பூட்ஸ் கழல வேண்டும் என்று பைண்டிங்கில் வைக்கும் அளவையும், மாற்ற வேண்டும். எடை, உயரம், வயது, பூட்ஸ் நீளம், சறுக்கும் பாணி ஐந்தும் சேர்ந்து தீர்மானிப்பது அது. நண்பர் 8 வைத்திருக்கிறார் என்று நாமும் 8 வைக்கக் கூடாது.

பொருத்துவதுதான் டெல்லியில் பெரிய தலைவலி. என் 102-ஐ இங்கே ஒரு கடையில் கொடுத்தேன். டைட்டனால் தகடு உள்ள ஸ்கீக்கு 4.1 மி.மீ. துளை போட வேண்டும். தகடு இல்லாததற்கு 3.5 அல்லது 3.6. அவர்கள் எதையும் கேட்காமல் துளைத்தார்கள். கோங்டோரியில் முதல் நாளே முன்பக்க ஸ்க்ரூ தளர்ந்தது. ஒரு நாள் முழுக்கப் போயிற்று, அழுகையே வந்துவிட்டது. அங்கே வாடகைக்கடை வைத்திருக்கும் ஒரு காஷ்மீரிப் பெரியவர் எபாக்சி விட்டு, ராத்திரி முழுக்கக் காயவைத்துச் சரிசெய்து கொடுத்தார். அதனால் வாங்குகிற இடத்திலேயே பொருத்தி வாங்குவதுதான் நல்லது.

விமானப் பெட்டிக் கணக்கும் உண்டு. டெல்லி–ஸ்ரீநகர் டிக்கெட்டில் பெரும்பாலும் 15 கிலோ. 102 ஸ்கீ ஜோடி ஏறக்குறைய 4 கிலோ, ஆல்பைன் பைண்டிங் 2, பூட்ஸ் 4, பை 2 அல்லது 3. துணிக்கு மிஞ்சுவது கையளவுதான். 115-ஐ எடுத்தால் அதுவும் போகும். மே மாதம் மொட்டை மாடி அறையில் ஸ்கீயை வைக்காதீர்கள். அந்தச் சூடு ஸ்கீக்கு நல்லதில்லை. விளிம்பில் வேக்ஸ் தடவிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிடுங்கள், மழைக்காலத் துருவும் ஏறாது.

தம்பி மூன்று ஜோடியையும் மாறி மாறிக் கையில் தூக்கிப் பார்த்தான். 115-ஐத்தான் கடைசியாகக் கீழே வைத்தான், மனசே இல்லாமல். அப்புறம் காரிலிருந்து தன் பூட்ஸைக் கொண்டுவந்தான். குதிகால் பக்கம் ஷெல்லில் பொறித்திருந்த சோல் நீளம், 317, அதைப் போட்டோ எடுத்து டொரான்டோவுக்கு அனுப்பினான். கீழே எழுதியது: "மாமா, 115 வேண்டாம். 104, பிரேக் 110. கடையிலேயே மாட்டி வாங்கிடுங்க."