கழற்றிப் பூட்டும் தொழிற்கூடம்: கோவையில் நிறுவிய பி.இ.பி. கட்டடம் பற்றிய மதிப்புரை

பம்பு உதிரிபாகங்களைக் கடைசல் பிடிக்கும் எங்கள் பட்டறைக்காக, கோவையிலுள்ள ஒரு நிறுவனத்திடம் பி.இ.பி. எனப்படும், பாகங்களைத் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து இடத்தில் பூட்டும் முன்வடிவமைப்பு எஃகுக் கட்டடத்தை வாங்கினோம். கோடை வெயிலையும் தென்மேற்குப் பருவமழையையும் தாங்கி, ஒருமுறை நீட்டிக்கவும் பட்ட பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

20 மீட்டர் அகலத்துக்கு நடுவே தூணே இல்லாமல், தூணுக்குத் தூண் 7.5 மீட்டர் இடைவெளி கொண்ட அங்கணங்களாக அமைந்த கட்டடம் இது. தூண்களும் கூரை உத்தரமும் சேர்ந்த சட்டகங்கள் முழுவதும் போல்ட்டால் இணைக்கப்பட்டவை. தூண்கள் அடியில் ஒடுங்கி, கூரையைத் தொடுமிடத்தில் அகன்றிருப்பதைக் கண்டு, தலைகீழாக நட்டுவிட்டார்களோ என்று பலர் கேட்டிருக்கிறார்கள். வளைக்கும் விசை மிகுந்த மேல்மூலையில் எஃகைக் கூட்டி, கீல்போலச் செயல்படும் அடிப்பகுதியில் குறைத்திருப்பதால் எஃகின் எடை மிச்சமாகிறது; அவ்விசை அடித்தளத்துக்கு இறங்காததால் கான்கிரீட்டும் குறைகிறது. சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்னும் விளம்பரப் பேச்சில் நான் முழுமையாக ஏற்றுக்கொள்வது இந்தச் சிக்கனத்தைத்தான்.

பின்னாளில் நீட்டிக்கலாம் என்ற உறுதியை எல்லா விற்பனையாளர்களும் தருகிறார்கள். ஆனால் அது உண்மையா என்பது கடைசிச் சுவரில் எந்தச் சட்டகம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. செலவைக் குறைப்பதற்காக அங்கே அரை அங்கணத்தின் கூரைச் சுமையை மட்டும் தாங்கும் மெல்லிய தூண்களை நெருக்கமாக நிறுத்துவது வழக்கம். பிறகு நீட்ட முற்பட்டால் அவை அப்படியே நடுவழியில் நிற்கும். நடுவிலுள்ளதைப் போன்ற முழுச் சட்டகத்தையே கிழக்குக் கடைசியிலும் கேட்டு வாங்கியிருந்தோம். அதனால் இயந்திரங்களை நிறுத்தாமலேயே சுவர்த் தகடுகளைக் கழற்றி, புதிய அங்கணத்தைப் பூட்டி, அதே தகடுகளை மீண்டும் பொருத்த முடிந்தது. பழைய தகடும் புதிய தகடும் நிறத்தில் ஒட்டவில்லை என்பது கண்ணுக்கு மட்டுமே உறுத்தல்.

விலைப்புள்ளியைப் படிப்பதில் கவனம் தேவை. எஃகின் எடையைக் கொண்டு விலை நிர்ணயிக்கப்படுவதால், எதிர்காலச் சுமைகளைக் கணக்கிலிருந்து நீக்கினாலே ஒரு நிறுவனம் மலிவாகத் தோன்றிவிடும். சூரியத் தகடுகளுக்காகச் சதுர மீட்டருக்கு 15 கிலோ கூடுதல் சுமை, பின்னர் கிரேன் தண்டவாளத்தைத் தாங்கும் பிராக்கெட்டுகள், வடிவமைப்பு எஃகுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 800-இன்படியா அமெரிக்க விதிப்படியா, காற்றின் அடிப்படை வேகம் கோவைக்குரிய நொடிக்கு 39 மீட்டர்தானா என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெற்ற பிறகே எங்களால் விலைகளை ஒப்பிட முடிந்தது. தூண்களை முதலிலேயே அதற்கேற்ப வடிவமைக்காவிட்டால், பிறகு கிரேன் பொருத்துவது பெருஞ்செலவாகும்.

குறைகளும் உண்டு. கூரைத் தகடுகளைத் திருகால் இறுக்கியிருந்ததால், ரப்பர் வாஷர்கள் சரியாக அமராத இடங்களில் முதல் மழையிலேயே ஒழுகியது. நிறுவனம் வந்து சரிசெய்ய நிறைய நினைவூட்ட வேண்டியிருந்தது. விளிம்புகளை மடித்துப் பூட்டும் வகைத் தகட்டுக்கு விலை அதிகமானாலும், சூரியத் தகடுகளைத் துளையிடாமல் கவ்விகளால் பொருத்தலாம் என்பதால் புதிய அங்கணத்துக்கு அதையே போட்டோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி மேற்குச் சுவரில் அமைத்த சாய்பலகைத் திறப்புகள் கோடையில் நன்றாக உதவுகின்றன. ஆனால் ஆடி மாதத்தில் காற்றோடு சாரலும் உள்ளே வருவதால், அந்தப் பக்கம் இயந்திரம் வைக்க முடிவதில்லை. கண்ணாடி இழை வெப்பக் காப்பு போடாத பகுதியில் பிற்பகல் வெக்கை கடுமையாக இருக்கிறது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் தள்ளிவைக்க வேண்டாம், ஏனெனில் தகடு ஏறிய பின் செய்வது இரட்டை வேலை.

நிறுவும் வேகத்துக்கும் சட்டகங்களின் துல்லியத்துக்கும் இந்நிறுவனத்துக்கு ஐந்தில் நான்கு தரலாம், ஆவணங்களுக்கு இரண்டுதான். கணக்கீட்டுத் தாள்களையும் போல்ட் வரைபடங்களையும் வலியுறுத்திய பின்னரே கொடுத்தார்கள். அவை இல்லாமல் வேறொரு பொறியாளரால் அடுத்த அங்கணத்தைக் கணக்கிட இயலாது என்பதால், இறுதித் தவணைக்கு முன்பே அந்தக் கோப்பைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும்.