சவுண்ட் கார்ட்டா, மதர்போர்ட்டோடு வருவதே போதுமா?

மதர்போர்ட்டிலேயே சத்தம் தரும் சிப் ஒன்று வரும். அதற்குப் பதிலாகத் தனியாக வாங்கிப் போடுவதுதான் சவுண்ட் கார்ட். கேமிங் பிசி கட்டப் போகிறவர்களின் பட்டியலில் கடைசி வரியாக "சவுண்ட் கார்ட், காசு மிஞ்சினால்" என்று இருக்கும். போன மாதம் கனகபுரத்திலிருந்து வந்த தம்பி அதை இரண்டாவது வரியிலேயே எழுதிக்கொண்டு வந்தான். "அண்ணை, கார்ட் போட்டா துவக்குச் சத்தம் எந்தப் பக்கத்தால வருதெண்டு துல்லியமாத் தெரியுமாம்." அதற்காக ராமை, அதாவது பிசியின் நினைவகத்தை, பாதியாகக் குறைக்கவும் ஆயத்தமாக இருந்தான்.

அவன் கேள்விப்பட்டது ஒரு காலத்தில் உண்மைதான். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் 1989இல் முதல் சவுண்ட் பிளாஸ்டரை விட்டபோது, சாதாரணக் கொம்பியூட்டருக்கு 'பீப்' என்பதைத் தவிரப் பெரிதாகக் குரல் இல்லை. பிறகு கிரியேட்டிவின் ஈஏஎக்ஸ் என்ற சத்த நுட்பம் வந்தது. குகைக்குள் எதிரொலி, சுவருக்கு அப்பாலிருந்து மங்கி வரும் சத்தம் எல்லாவற்றையும் கார்ட்டே கணக்குப் போட்டது. 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டா, கேம் நேரே கார்ட்டிடம் வேலை வாங்கும் அந்த வழியை அடைத்துவிட்டது. இன்றைய கேம்கள் இந்தக் கணக்கைப் பிசியின் மூளையான சிபியுவிலேயே முடித்துவிட்டு, சமைத்த சத்தத்தைத்தான் வெளியே அனுப்புகின்றன. சிபியுவுக்கு அது ஒரு சுமையே இல்லை.

பக்கம் தெரிவதும் அப்படித்தான். வலப்பக்கச் சத்தம் இடக்காதுக்குச் சற்றுப் பிந்தியும் மங்கியும் வரும். அதைப் போலியாக உண்டாக்கும் எச்ஆர்டிஎஃப் என்ற கணக்கு, துவக்குச் சண்டைக் கேம்களான கவுண்டர் ஸ்ட்ரைக்கில் 2016இலும் வலோரண்டில் 2021இலும் வந்தது. கேமின் செட்டிங்ஸில் அதைப் போட்டால் சாதாரண ஸ்டீரியோ ஹெட்செட்டே போதும். அதற்கு மேல் கார்ட்டின், சுற்றிலும் ஸ்பீக்கர் இருப்பதுபோலக் காட்டும் '7.1 சரவுண்டையும்' ஏற்றினால் ஒரே கணக்கை இரண்டு தடவை போட்டதாகிவிடும். பின்னால் வருகிறவன் முன்னால் வருவது போலக் கேட்கலாம்.

அப்படியானால் கார்ட் எதற்கு? சத்தம் சுத்தமாக வர. இங்கேதான் ஒப்பிட விஷயம் இருக்கிறது.

காகிதத்தில் பார்த்தால் கார்ட்டுக்குப் பெரிய வெற்றி இல்லை. ரியல்டெக்கின் ஏஎல்சி 1220 சத்தச் சிப் உள்ள மதர்போர்ட்களுக்கு 120 டெசிபல் என்று போடுகிறார்கள். பாட்டு இரைச்சலைவிட எவ்வளவு மேலே நிற்கும் என்ற கணக்கு அது, கூடினால் நல்லது. சவுண்ட் பிளாஸ்டர் இஸட் கார்ட்டுக்கு 116, ஏஇ-5க்கு 122. பாட்டுச் சீடியின் 16 பிட்டுக்கு வேண்டியது ஏறத்தாழ 96தான். மலிவுப் போர்ட்களில் வரும் ஏஎல்சி 897 இவற்றுக்குக் கீழே என்றாலும், துவக்குச் சத்தத்துக்கு நடுவே அந்த வித்தியாசத்தைக் காதால் பிடிக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

காதால் பிடிபடுவது வேறு. என் பழைய பிசியில் மவுஸை அசைத்தால் ஹெட்செட்டுக்குள் நுளம்பு இரையும். பக்கத்தை மேலும் கீழும் உருட்டினால் நுளம்பின் தொனியும் மாறும். கார்ட் வாங்கவே முடிவு செய்திருந்தேன். ஒருநாள் சும்மா முன்பக்கத்திலிருந்து கழற்றிப் பின்பக்கத்துப் பச்சை ஓட்டையில் குத்தினேன். நுளம்பு போய்விட்டது. முன்பக்க ஓட்டைக்குப் போகும் மெல்லிய வயர் கிராபிக்ஸ் கார்ட்டை உரசிக்கொண்டு போயிருக்கிறது. அதன் மின் இரைச்சல் எல்லாம் அந்த வயருக்குள். செலவு பூச்சியம்.

இரண்டாவது இரைச்சல் எங்கள் பக்கத்து ஸ்பெஷல். கேஸின் பெயின்ட் இல்லாத இடத்தைப் புறங்கையால் மெல்லத் தொட்டால் விறுவிறு என்கிறதா? ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று தாழ்ந்த உறுமல் விடாமல் வருகிறதா? அது கரண்டின் 50 ஹெர்ட்ஸ். பிளக்கில் மூன்று பின் இருந்தாலும் சுவருக்குப் பின்னால் எர்த் வயர் இல்லாத வீடுகள் உண்டு. எர்த் கம்பி அடித்த வீட்டிலும் ஆடி ஆவணி வெயிலில் நிலம் காய்ந்தால் அது வேலை செய்வது குறையும். கார்ட்டும் அதே கேஸுக்குள், அதே பவர் சப்ளையில்தான் உயிர் வாழ்கிறது. 122 டெசிபல் கார்ட்டாலும் உங்கள் சுவரைத் திருத்த முடியாது. முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், சத்தத்துக்காக இல்லாவிட்டாலும் உயிருக்காக. கரண்ட் இல்லாத போர்க்காலத்தில் சைக்கிள் பெடலைச் சுற்றி டைனமோவில் பாட்டுக் கேட்ட சனம் நாங்கள். மிதிப்பது தளர்ந்தால் கசெட்டில் பாடுகிறவரின் குரலும் இழுபடும். கரண்ட் சரியில்லாமல் சத்தம் சரிவராது என்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

இதெல்லாம் பார்த்த பிறகும் இரைச்சல் போகாவிட்டால் என் காசு யூஎஸ்பி டாக்குக்குத்தான் போகும். விரல் நீளமே உள்ள வெளிச் சவுண்ட் கார்ட் அது. கிராபிக்ஸ் கார்ட்டின் பக்கத்தில் இருக்காது, மடிக்கணினியிலும் போடலாம், மின்னலில் மதர்போர்ட்டின் ஓடியோ செத்தாலும் கைகொடுக்கும். உள்ளே போடும் கார்ட்டோ, சின்ன போர்ட்களில் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்ட்டின் விசிறிக்கு நேர் கீழே போய் அடைக்கும். எங்கள் வெக்கைக்கு அது நல்ல யோசனை இல்லை. ஒன்று மட்டும்: சுவர்க் கரண்டில் ஓடும் ஸ்பீக்கரில் உறுமல் என்றால் டாக்காலும் அது போகாமல் விடலாம். எர்த் பிழையை யூஎஸ்பி வயரும் சுமந்துகொண்டு வரும்.

கார்ட்தான் சரி என்று நான் சொல்லும் ஆட்கள் இரண்டே வகை. 250 ஓம் ஸ்டூடியோ ஹெட்ஃபோனை மேசையில் வைத்திருப்பவர்கள். போர்ட்டின் சத்தம் அதற்குப் பலம் காணாது. அதுகூட நல்ல டாக்கால் தீரும். மற்றவர்கள் 5.1 ஸ்பீக்கர்காரர், அதாவது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு பாஸ் பெட்டியும் வைத்திருப்பவர்கள். மூன்றே ஓட்டை உள்ள போர்ட்டில் 5.1 குத்தினால் மைக்குக்குப் பின்பக்கத்தில் இடமிருக்காது. ஆனால் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஸ்பீக்கரில் துவக்கு வெடிக்க விட முடியாது. என் அம்மா இன்றைக்கும் அந்தச் சத்தத்துக்கு அடுப்படியை விட்டு வெளியே வந்து மேலே பார்ப்பார். நான் ஹெட்செட்டுக்கு மாறியது அதனால்தான்.

இவ்வளவையும் தம்பிக்குச் சொல்லி முடித்துவிட்டு, "சரி, எந்த ஹெட்செட் பாவிக்கப் போறாய்?" என்று கேட்டேன். கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்தது என்று பையிலிருந்து எடுத்தான். வயரின் நுனியில் யூஎஸ்பி. அந்த வகைக்குள் சொந்தமாகவே ஒரு குட்டிச் சவுண்ட் கார்ட் இருக்கும். என்ன விலைக்கு வாங்கிப் போட்டாலும் உள்ளே இருக்கும் கார்ட் பக்கம் அது திரும்பியும் பார்க்காது. தம்பி பேனையை வாங்கி அந்த வரியை வெட்டிவிட்டு, ராமை மறுபடி பதினாறு ஜிபியாக எழுதினான்.