கேம் ஆஃப் த்ரோன்ஸ் (டெல்டேல்): வசனம் பலம், முடிவு பலவீனம்

2014 டிசம்பரில் தொடங்கி 2015 நவம்பரில் முடிந்த ஆறு எபிசோட் கேம் இது; ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ டிவி தொடரை வைத்து டெல்டேல் நிறுவனம் செய்தது. தொடரில் கல்யாண விருந்தில் நடக்கும் ‘சிவப்புத் திருமண’ப் படுகொலையில் தொடங்கி, அந்தக் கதையுலகின் வடக்கே வாழும் ஃபாரஸ்டர் குடும்பம் நொறுங்குவதைச் சொல்கிறது. இவர்களின் அயர்ன்வுட் மரக்காடுதான் சண்டைக்கே காரணம். தொடரின் நடிகர்கள் பீட்டர் டிங்க்லேஜ், லீனா ஹெடி சொந்தக் குரலிலேயே பேசியிருக்கிறார்கள்.

உரையாடலில் பதில் சொல்லச் சில நொடிகள்தான் கிடைக்கும். எதையும் தொடாவிட்டால் மௌனமே உங்கள் பதில். ராணி செர்சியின் முன் ஃபாரஸ்டர் வீட்டு மகள் மீரா நிற்கும் காட்சியில் அந்த மௌனத்துக்கும் எடை உண்டு. சப்டைட்டிலை முதலிலேயே ஆன் செய்துவிடுங்கள், இல்லையென்றால் பாதி வசனம் தப்பிவிடும்.

குறை என்னவென்றால், நம் தேர்வுகள் பாதையை அவ்வளவாக மாற்றுவதில்லை. முதல் எபிசோடில் ஃபாரஸ்டர் வீட்டுச் சிறுவன் ஈத்தன் பணிந்தாலும் எதிர்த்தாலும் கொடூரன் ராம்சே அவனைக் கொன்றுவிடுவான். ஐந்தாம் எபிசோடின் இறுதியில் ஃபாரஸ்டர் சகோதரர்களில் உயிர்தப்புவது ராட்ரிக்கா, ஆஷரா என்று கேட்பது மட்டும் நிஜமான பிரிவு. அங்கே தனி சேவ் ஸ்லாட் வைத்து இரண்டையும் ஆடிப் பாருங்கள். பல முடிச்சுகளை அவிழ்க்காமலே கதை நிற்கிறது, இரண்டாம் சீசனும் வரவில்லை. அது உண்மையிலேயே வருத்தம். ஆனாலும் ராட்ரிக்கின் காட்சிகளுக்காகவே ஆடலாம்.