நானூறு ரூபாய் புராஜெக்டுக்கு எந்தக் கதவைத் தட்டுவது?

மதுரைப் பக்கம் மழைக்காலத்தில் எல்லாருக்கும் மனப்பாடமாகிவிடும் கணக்கு ஒன்று உண்டு. வைகை அணை 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5க்கு இரண்டாவது, 69க்கு மூன்றாவது, அணை நிரம்பும் முழு நீர்மட்டம் 71 அடி. இதையே மாடலாகச் செய்துவிடலாம் டீச்சர் என்று இந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கிளம்பினார்கள். மூன்று டிரான்சிஸ்டர், மூன்று எல்.இ.டி., ஒரு பஸ்ஸர், கொஞ்சம் ரெசிஸ்டர், 9 வோல்ட் பேட்டரி, ஒரு கண்ணாடிக் குழாய். டவுன்ஹால் ரோட்டுக்கு ஒரு நடை போய்வந்ததில் 380 ரூபாய் ஆனது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அது ஒரு லாபம்.

380 ரூபாயை என் பையிலிருந்து கொடுத்தேன், எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் எட்டாம் வகுப்புக்கு மின்சுற்றுப் பாடம் நடத்த பதினைந்து செட் வேண்டும் என்றால் ஆறாயிரம் ஆகிறது, அப்போது பை தாங்காது. அதற்கு யாரிடம் கேட்கலாம் என்று பல வருஷம் முட்டி மோதிப் பார்த்தவள் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், தொகையைப் பார்த்து மயங்காதீர்கள். காசு யார் பெயருக்கு வருகிறது, எந்த மாதம் வருகிறது, செலவழித்த பிறகு எத்தனை பேப்பர் கேட்கிறார்கள் என்று பாருங்கள்.

ஆசிரியர் பெயருக்கே காசு வந்த காலமும் இருந்தது. அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் ஆசிரியர் ஒருவருக்கு வருஷம் 500 ரூபாய், கற்பித்தல் பொருள் செய்துகொள்ள. சார்ட், ஸ்கெட்ச், கோந்து வாங்கவே சரியாகப் போகும், ஆனாலும் யாரிடமும் கையேந்தாமல் செலவழிக்கலாம். 2018ல் மத்திய அரசின் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷா வந்ததும் அது ஒருங்கிணைந்த பள்ளி மானியத்துக்குள் கரைந்துபோனது.

அந்தப் பள்ளி மானியத்திலிருந்தே தொடங்குவோம், நமக்கு மிக அருகில் இருப்பது அதுதானே. மாணவர் எண்ணிக்கையை வைத்துத் தொகை: 30 பேர் வரை 10,000, 100 வரை 25,000, 250 வரை 50,000, ஆயிரம் வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். எங்கள் பள்ளியில் 140 பிள்ளைகள், ஆக 50,000. பெரிய தொகையாகத் தெரியும், ஆனால் பத்து சதவீதமாவது தூய்மைப் பணிக்கு என்று விதியே இருக்கிறது, மீதியில்தான் குழாய் ரிப்பேர், சாக்பீஸ், இன்டர்நெட், விளையாட்டுச் சாமான், ஆய்வகம் எல்லாம் வர வேண்டும். கேட்கிற ஆசிரியருக்குத்தான் கிடைக்கும், எச்.எம். மேஜையில் பட்டியலோடு முதலில் போய் நிற்பவருக்கு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போடும்போது 'ஆய்வகப் பொருட்கள்' என்று பொதுவாக எழுதவிடாதீர்கள், 'எட்டாம் வகுப்பு மின்சுற்றுப் பொருட்கள் 15 செட்' என்று எழுதச் சொல்லுங்கள். பொதுவாக எழுதியது பெரும்பாலும் பினாயிலாகத்தான் திரும்பி வரும்.

பில் விஷயத்தில் நான் ஒரு தடவை நன்றாக மாட்டியிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த பள்ளியில், கடைக்காரர் கொடுத்த துண்டுச் சீட்டை வைத்துக் கணக்கு எழுதிவிட்டேன். ஆடிட்டில் வந்தவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தலைமையாசிரியர் பெயரில் பில் எங்கே, இருப்புப் பதிவேட்டில் எத்தனையாவது பக்கம் என்று கேட்டார். பக்கத்தைக் காட்டினேன். 'எல்.இ.டி. 40 என்று இருக்கிறது, இப்போது 31தான் இருக்கிறது, ஒன்பது எங்கே?' ஒன்று இரண்டு ரூபாய் பல்பு அது, பிள்ளைகள் மாற்றிச் செருகிப் புகைந்து போனது என்று எப்படி விளக்குவது? அதிலிருந்து தீர்ந்துபோகும் பொருளுக்கு ஒரு பதிவேடு, நிற்கும் பொருளுக்கு ஒரு பதிவேடு என்று பிரித்துவிட்டேன்.

இந்த மானியத்தை நம்பி மட்டும் இருந்தால் எந்த வருஷமும் உறுதி இல்லை என்பதும் தெரிந்ததுதான். மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடாத விவகாரத்தில் 2024-25க்கு தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சமக்ர சிக்ஷா பணம் 2,152 கோடி நிறுத்தி வைக்கப்பட்டதை எல்லாரும் செய்தியில் பார்த்தோம்.

அடுத்தது இன்ஸ்பயர் மானக். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தேசியப் புத்தாக்க நிறுவனமும் நடத்துவது. மாணவர்களின் புது யோசனைகளைப் பள்ளிக்கு ஐந்து வரை அனுப்பலாம், தேர்வானால் மாணவரின் வங்கிக் கணக்குக்கே 10,000 ரூபாய். மாடல் செய்து மாவட்டக் கண்காட்சிக்குப் போக வேண்டும், அங்கே தேறினால் மாநிலம், அப்புறம் தேசியம். பள்ளி மானியத்தோடு ஒப்பிட்டால் இதில் நல்ல விஷயம், குழாய் ரிப்பேர்க்காரர் பங்குக்கு வர மாட்டார். ஆனால் ஒரு பிள்ளையின் ஒரு யோசனைக்கு வரும் காசு இது. மீதி 34 பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். வகுப்புக்குப் பொருள் வாங்க இதை நம்பினால் அந்தப் பிள்ளைக்குத் துரோகம், இரண்டையும் குழப்பாதீர்கள்.

நான் செய்த தப்பையும் சொல்கிறேன். நடுநிலைப் பள்ளியில் இருந்தபோது ஓர் எட்டாம் வகுப்புச் சிறுமி நல்ல யோசனை கொண்டுவந்தாள். அவள் வீட்டில் மல்லிகைத் தோட்டம், விடிகாலையில் பறித்த மொட்டு மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் சூட்டில் விரிந்துவிட்டால் விலை பாதி. பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல், ஓலைக்கூடையில் வைத்து வண்டியில் கட்டிக் கொண்டுபோகலாம் என்றாள். தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும் என்று பாடத்தில் படித்ததை அவள் பூவுக்குப் பொருத்தினாள், எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம். ஆர்வத்தில் பெயரைப் பதிவு செய்துவிட்டேன், எட்டு முடித்தால் அவள் வேறு பள்ளிக்குப் போய்விடுவாள் என்று யோசிக்கவில்லை. தேர்வாகிக் காசு வரும்போது அவள் ஒன்பதில், வேறு ஊரில். கணக்கோ ரொம்ப நாள் புழங்காமல் முடங்கிக் கிடந்தது, ஆதாரும் இணையவில்லை. வங்கிக்கு மூன்று நடை. 'பூப்பறிப்பு நேரத்துல வரச் சொல்றீங்களே டீச்சரம்மா' என்று அவள் அம்மா ஒரு தரம்தான் சொன்னார், அதுவே எனக்குச் சுருக்கென்றது. அதனால் ஆறு, ஏழு வகுப்புப் பிள்ளைகளைப் பதியுங்கள், பதிவதற்கு முன்னால் பாஸ்புக்கை வாங்கிப் பாருங்கள்.

அறிவியல், கணக்குப் பாடங்களைச் செய்துபார்த்துக் கற்கத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த வானவில் மன்றத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2022 நவம்பர் 28ல் தொடங்கியது, 13,210 அரசுப் பள்ளிகள், ஆறு முதல் எட்டு வரை, 25 கோடி ரூபாய். வகுத்தால் பள்ளிக்குப் பத்தொன்பதாயிரம்கூட வராது, அதுவும் முழுக்க ரொக்கமாக இல்லை, 710 கருத்தாளர்கள் வண்டியில் பொருட்களோடு வந்து செய்துகாட்டுகிறார்கள். ஒருவருக்குப் பதினெட்டுப் பத்தொன்பது பள்ளி. அவர் வரும் நாளில் உங்கள் பாடத்துக்கு என்ன வேண்டும் என்று முன்கூட்டியே போன் போட்டுச் சொன்னால் பாதிப் பொருள் செலவு மிச்சம். மத்திய அரசு நிதியில் பள்ளிக்குள் அமைக்கும் அடல் டிங்கரிங் லேப் என்ற செய்முறைக் கூடம் வேறு உலகம். 20 லட்சம், 1,500 சதுர அடி இடம், இணையவழிக் கொள்முதல், பயன்பாட்டுச் சான்று. பிள்ளைகளுக்கு ஆறாயிரம் ரூபாய்ச் சாமான் வேண்டும் என்பவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். தலைமையாசிரியருக்கு ஆசை இருந்தால் அவர் போகட்டும்.

தமிழ்நாடு அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் 2022 டிசம்பரில் வந்தது. டி.வி.எஸ். குடும்பத்து வேணு சீனிவாசன் தலைவர், விஸ்வநாதன் ஆனந்த் தூதர். அந்தக் குடும்பம் 1911ல் மதுரையில் பஸ் விட்டுத் தொடங்கியது என்பதால் எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் இதைச் சொன்னால் முகம் மலரும். பள்ளி தன் தேவையைப் பதிய, முன்னாள் மாணவரோ கம்பெனியோ பார்த்து நிதி கொடுக்கலாம். வெளியூரில் இருக்கும் பழைய மாணவருக்கு 'என் காசு எங்கே போகுது' என்ற சந்தேகம் வராது, அது பெரிய பலம். தொலைநோக்கி, ஸ்மார்ட் போர்டு, ஆய்வக மேஜை மாதிரி இருபதாயிரத்துக்கு மேல் போகிற சாமானுக்கு இதையே சொல்வேன். சின்னச் சாமானுக்கு இந்தச் சுற்று வேண்டியதில்லை.

இனி சேவைக் கழகமும் பழைய மாணவரும். ரோட்டரி, லயன்ஸ் மாதிரிக் கழகங்களில் ஜூலையில்தான் புதுத் தலைவர் வருவார், கை தாராளமாக இருப்பது அப்போதுதான். ஏப்ரலில் போனால் 'அடுத்த வருஷம் பார்ப்போம்மா' என்பார்கள். பத்து நாளில் காசு வந்துவிடும், பேப்பர் ஒரே ஒரு கடிதம். ஆனால் ஒரு கழகம், பெயர் வேண்டாம், எங்களுக்கு நாலாயிரம் ரூபாய்க்கு லென்ஸ் செட் கொடுத்த அன்று கட்டிய பிளக்ஸ் பள்ளி வாசலை மறைத்தது. இரண்டு பீரியட் போட்டோ எடுத்தார்கள். லென்ஸ் இன்னமும் நன்றாக உழைக்கிறது என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை.

பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவுக்கே என் ஓட்டு, ஆனால் காசுக்காக இல்லை. போன ஆண்டு காந்தம், சுருள், மின்சாரம் நடத்த எனாமல் கம்பி வேண்டும் என்று குழுவில் போட்டேன். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் ஆயிரம் அனுப்பினார், திருப்பூரிலிருந்து இன்னொருவர் ஐந்நூறு. ஊரிலேயே மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர் காசு எதுவும் அனுப்பாமல் ஒரு சனிக்கிழமை கழிவுக் கம்பியோடு வந்து நின்றார். 'டீச்சர், நான் இந்தப் பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன், இந்தப் பாடம் மட்டும் புரியவே இல்ல' என்று சொல்லிக்கொண்டே, மின்சாரத்தைத் தடுக்கும் எனாமல் பூச்சைக் கம்பி முனையில் பிளேடால் சுரண்டி எடுப்பது எப்படி என்று காட்டினார். நான் நாலு வருஷமாகச் சுரண்டாமல் இணைத்துவிட்டு மீட்டர் ஓடவில்லையே என்று பேட்டரியைத் திட்டிக்கொண்டிருந்தேன். இதில் ஒரு தொல்லை உண்டு, வரவு செலவை அன்றைக்கே குழுவில் போட்டோவாகப் போட்டுவிட வேண்டும், ஒரு வாரம் தள்ளினாலும் யாராவது ஒருத்தர் கேள்வி கேட்பார். கேட்கட்டும், அதில் தப்பில்லை.

ஆக, என் கணக்கு இந்த வருஷம் இப்படி: ஐந்நூறுக்குள் என் பை, ஆறாயிரம் வரை பாதி பள்ளி மானியம் பாதி பழைய மாணவர், ஏழாம் வகுப்பில் இரண்டு பேர் இன்ஸ்பயருக்கு, தொலைநோக்கி மட்டும் நம்ம ஸ்கூலில் பதிந்திருக்கிறது.

வைகை மாடலில்தான் ஒரு சிக்கல் வந்தது. அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று முதலில் அளவு வைத்தோம், 68.5க்கும் 69க்கும் நடுவே அரை சென்டிமீட்டர்தான், தண்ணீர் ஏறும்போது ஒரு துளி இரண்டு கம்பியிலும் ஒட்டிக்கொண்டு இரண்டு விளக்கும் சேர்ந்தே எரிந்தது. மேல் இருபது அடியை மட்டும் எடுத்து அடிக்கு மூன்று சென்டிமீட்டராக மாற்றினார்கள். செம்புக் கம்பி பச்சை பிடித்ததால் துருப்பிடிக்காத ஸ்குரூ வைத்தாயிற்று. இப்போது முதல் இரண்டு விளக்கும் சரியாக எரிகின்றன, மூன்றாவது எரிய மறுக்கிறது. டிரான்சிஸ்டரின் காலை மாற்றிச் செருகிவிட்டோம் என்கிறான் ஒருவன், பேட்டரி இறங்கிவிட்டது என்கிறாள் இன்னொருத்தி. நாளைக் காலைப் பிரேயருக்கு முன்னால் மீட்டரை எடுத்துப் பார்க்க வேண்டும்.