முன்களமா, கோல்கீப்பரா?

கிருஷ்ணகிரியில் அண்ணன் மகள் ஹாக்கி மட்டையைத் தோளில் சாய்த்தபடி கேட்டாள்: "சித்தப்பா, ஃபார்வர்டா போகட்டுமா, கீப்பரா?"

ஃபார்வர்டு, அதாவது முன்களத்தில் நின்று கோல் போடுபவர் என்றால், இந்திய மகளிர் அணியில் ஆடிய ராணி ராம்பால்தான் நினைவுக்கு வருவார். ஹரியானாவில் வண்டி இழுத்தவரின் மகள். 2010 உலகக் கோப்பையில் ஆடியபோது வயது 15. கோல் போட்டால் பேர் உடனே வரும். ஆனால் ஓட்டமும் காயமும் உடம்பைச் சீக்கிரம் தின்றுவிடும். 2024 அக்டோபரில் 29 வயதிலேயே ஓய்வை அறிவித்துவிட்டார்.

கீப்பர் கதை வேறு. டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஆகஸ்ட் 2 அன்று ஆஸ்திரேலியாவை 1-0 என்று வென்றோமே, குர்ஜித் அடித்த அந்த ஒரே கோலின் முன்னிலையைக் கடைசிவரை காத்தவர் கீப்பர் சவிதா. அப்போது அவருக்கு 31 வயது. பொறுமை இருந்தால் நீண்ட நாள் ஆடலாம். சிக்கல் இடம்தான்: ஆடும் பதினொருவரில் கீப்பர் ஒருத்தி மட்டுமே. டோக்கியோ சென்ற 16 பேரிலும் சவிதா ஒருவர்தான் கீப்பர்.

அப்புறம் கீப்பர் காலில் கட்டும் அந்தத் தடித்த பேட் (pad). நம்மூர் சித்திரை வெயிலில் காலில் கட்டிப் பத்து நிமிடம் நின்றால் தெரியும். கிளவுஸை மொட்டை மாடியில் காயப்போட்டாலும் வியர்வை நாற்றம் போகாது. அண்ணி முகம் சுளிப்பார். விலையும் மட்டையைப்போல் பல மடங்கு. சரளை மண்ணில் பந்து எகிறும் திசை யாருக்கும் தெரியாது; டர்ஃபில், அதாவது செயற்கைப் புல்தரையில், பழகாதவளுக்கு அந்தத் தரை தனிப் பாடம்.

என் ஓட்டு கீப்பருக்கு. அவளுக்குப் பந்தைக் கண்டு பயமில்லை, ஓடத்தான் சோம்பல்.