சிங்கப்பூர் சிட்டி கேலரி: நாட்டின் அடுத்த ஐம்பது ஆண்டுகளைப் பார்வையிட ஓர் இடம்

ஊரிலிருந்து வரும் உறவினர்களை மரினா பே, செந்தோசா, தேக்கா என்று சலிக்காமல் அழைத்துச் செல்லும் நம்மில் பலர், மேக்ஸ்வெல் சாலையில் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் கட்டடத்துக்குள் இருக்கும் சிங்கப்பூர் சிட்டி கேலரிக்குள் ஒருமுறைகூட நுழைந்திருக்க மாட்டோம். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறை நாள்களிலும் மூடியிருக்கும். 2022ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மேக்ஸ்வெல் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து எளிதாக நடந்து சென்றுவிடலாம். ஒரு நாட்டின் எதிர்காலம் எப்படித் திட்டமிடப்படுகிறது என்பதைப் பொதுமக்களுக்குப் புரியும்படி விளக்கும் இடங்களில் இதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

இங்கே முதலில் பார்க்க வேண்டியது நகர மையத்தின் பெரிய மாதிரி வடிவம்தான். 400 மீட்டர் நீளம் இங்கே ஒரு மீட்டராகச் சுருங்கியிருக்கிறது. ராஃபிள்ஸ் பிளேஸ் பகுதியை உற்றுப் பார்த்தால், யுஓபி பிளாசா, ரிபப்ளிக் பிளாசா, ஒன் ராஃபிள்ஸ் பிளேஸ் ஆகிய மூன்று கோபுரங்களும் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் உயரத்தில், தலை சீவிவிட்டாற்போல ஒரே மட்டத்தில் நிற்பது தெரியும். அவற்றின் உண்மையான உயரம் சுமார் 280 மீட்டர். பாய லேபார் விமானத் தளத்தை முன்னிட்டு விதிக்கப்பட்ட உயரக் கட்டுப்பாடே இதற்குக் காரணம். நகரிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஓர் ஓடுபாதை நகர மையத்தின் தோற்றத்தையே தீர்மானித்திருக்கிறது என்பதை எந்த விளக்கப் பலகையையும்விட இந்த மூன்று கோபுரங்கள் தெளிவாகச் சொல்லிவிடுகின்றன. அந்தத் தளம் 2030களிலிருந்து இடம் மாறும்போது அங்கே ஒரு புதிய நகருக்கு நிலம் கிடைப்பதோடு, சுற்றுவட்டாரத்தின் உயரக் கட்டுப்பாடுகளும் தளரும்.

தொலைநோக்கு என்ற சொல்லை எல்லா ஊர்களும் எளிதாகப் பயன்படுத்துகின்றன. அதற்கு உண்மையில் எவ்வளவு பொறுமை தேவை என்பதை இங்கே கற்றுக்கொள்ளலாம். ஐக்கிய நாட்டு அமைப்பின் உதவியோடு நான்கு ஆண்டுகள் உழைத்து உருவாக்கப்பட்ட 1971ஆம் ஆண்டின் கருத்துருத் திட்டம், தீவின் நடுவிலுள்ள நீர்ப்பிடிப்புப் பகுதியைச் சுற்றி வளையமாகப் புதிய நகரங்களை அமைத்து, விரைவுச்சாலைகளாலும் ரயிலாலும் அவற்றை இணைக்கலாம் என்றது. அப்போது மக்கள்தொகை 20 லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. ரயில் வேண்டுமா, பேருந்துகளே போதுமா என்ற விவாதம் பல ஆண்டுகள் நீடித்து, 1982இல்தான் முடிவெடுக்கப்பட்டது. முதல் எம்ஆர்டி ரயில் 1987இல் ஓடியது. மரினா பே பகுதியில் 1970களில் கடலைத் தூர்த்து மண் நிரப்பத் தொடங்கிய இடத்தில், மரினா பே சேண்ட்ஸ் திறக்கப்பட்டது 2010இல். இடைப்பட்ட காலத்தில் நகரின் விலைமதிப்புள்ள நிலத்தை வெறுமனே விட்டுவைப்பது எந்த அரசுக்கும் எளிதான செயல் அன்று. அந்தத் துணிவை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

திட்டமிடல் இரண்டு அடுக்குகளில் நடைபெறுகிறது. ஐம்பது ஆண்டுகளுக்கும் அப்பால் நோக்கும் நெடுங்காலத் திட்டம் ஒன்று. அதை அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கான நிலப் பயன்பாடாக மாற்றி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யப்படும் பெருந்திட்டம் மற்றொன்று. பெருந்திட்ட வரைபடத்தில் ஒவ்வொரு மனைக்கும் அதன் பயன்பாட்டைக் காட்டும் ஒரு நிறமும், கட்டடம் எழும்பக்கூடிய மனைகளுக்குப் பெரும்பாலும் ஓர் எண்ணும் உண்டு. ஒரு மனையில் 2.8 என்று குறித்திருந்தால், 1,000 சதுர மீட்டர் நிலத்தில் எல்லா மாடிகளையும் சேர்த்து 2,800 சதுர மீட்டர் வரை கட்டலாம் என்று பொருள். பக்கத்துக் காலி மனையில் நாளை என்ன வரக்கூடும் என்பதைச் சாதாரணக் குடிமகனும் தெரிந்துகொள்ளும்படி இந்த வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இந்த வெளிப்படைத்தன்மை தமிழ்நாட்டு நகராட்சிகளுக்கும் வர வேண்டும்.

எதிர்காலத்தைப் பொறுத்தவரை, தஞ்சோங் பகார் துறைமுகம் தீவின் மேற்குக் கோடியிலுள்ள துவாசுக்கு இடம்பெயர்வதால் தென்கரையில் பெரும் நிலப்பரப்பு புதிய குடியிருப்புகளுக்குத் திறந்துவிடப்படும். கிழக்குக் கரையை ஒட்டி உருவாக்க எண்ணியிருக்கும் ‘லாங் ஐலண்ட்’ என்னைப் பெரிதும் ஈர்க்கிறது. சுமார் 800 ஹெக்டர் பரப்பில் கடலைத் தூர்த்து, உயரும் கடல்மட்டத்துக்கு அரணாகவும், நன்னீர்த் தேக்கமாகவும், மக்கள் வாழும் இடமாகவும் ஒரே நிலத்தைப் பயன்படுத்தும் திட்டம் அது. முடிவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும்.

எனக்கு ஒரு குறை உண்டு. திட்டங்களும் கட்டடங்களும் பெறும் இடத்தை, அவற்றுக்காக இடம்பெயர்ந்த மக்கள் பெறவில்லை என்றே கருதுகிறேன். 1966ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் இல்லாமல் இந்த வளர்ச்சி நடந்திருக்க முடியாது. அதனால் கம்பங்கள் எனப்படும் கிராமக் குடியிருப்புகளை விட்டுச் சென்றவர்கள் ஆயிரக்கணக்கானோர். கேலரிக்குப் பக்கத்திலிருக்கும் மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்தின் முகவரி கடையநல்லூர் ஸ்திரீட். தென்காசிச் சீமையிலிருந்து வந்த கடையநல்லூர்த் தமிழ் முஸ்லிம்கள் இந்தத் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் செறிந்து வாழ்ந்தார்கள். 1946இல் அவர்கள் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1980களில் மூடப்பட்டது. புதிய அடுக்குமாடிகளில் அவர்களுக்கு நல்ல வீடும் தண்ணீரும் மின்சாரமும் கிடைத்தன என்பது உண்மை. ஆனாலும் ஒரு சமூகம் ஒரே வட்டாரத்தில் கூடி வாழ்ந்த வாழ்க்கை கலைந்தது. இத்தகைய மனிதர்களின் வாய்மொழி வரலாறுகள் மாதிரி வடிவத்தின் அருகிலேயே ஒலிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பள்ளிப் பிள்ளைகளோடு செல்பவர்கள் இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். பிடிஓ எனப்படும், தேவைக்கேற்பக் கட்டித்தரப்படும் அரசு அடுக்குமாடி வீட்டுக்கு விண்ணப்பிக்கவிருக்கும் இளம் தம்பதியருக்கு என் பரிந்துரை இன்னும் அழுத்தமானது. 99 ஆண்டுக் குத்தகையில் ஒரு வீட்டை வாங்குமுன், அந்த வட்டாரத்துக்கு எந்த ரயில் பாதை வரவிருக்கிறது, எதிரிலுள்ள பசுமை பூங்காவாக நீடிக்குமா அல்லது பிற்காலத் தேவைக்கென ஒதுக்கிய நிலமா என்று பெருந்திட்ட வரைபடத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.